பழைய தாவரவியல் புத்தகங்கள்: காசு கொடுக்கும் முன் படங்களை எண்ணுங்கள்

கேள்வி கேட்டவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தாத்தா வீட்டுப் பரணில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் அச்சான தாவரப் பட நூலான ராபர்ட் வைட்டின் ‘ஐகோனெஸ்’ இரண்டாம் தொகுதி கிடைத்திருக்கிறது. அதைப் புரட்டியதிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது. பழைய தாவரவியல் நூல்களின் முதல் பதிப்புகளைச் சேர்க்க எங்கே தொடங்குவது, ஓய்வூதியத்தில் கட்டுப்படியாகுமா, ஏமாறாமல் இருப்பது எப்படி, பரணில் கிடைத்ததை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

கட்டுப்படியாகும். ஆனால் நான் ஏமாந்த கதையை முதலில் கேளுங்கள்.

நான் முதன்முதலாகக் கணிசமான பணம் கொடுத்து வாங்கியது பெடோம் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரின் தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய நூல். 1863இல் தொடங்கிச் சென்னையில் அச்சானது. ‘முதல் பதிப்பு, நல்ல நிலை, பழைய தோல் பைண்டிங்’ என்று விற்றவர் எழுதியிருந்தார். மூன்றும் உண்மைதான். வந்த அன்று ராத்திரி வாசனை பிடித்தேன், தலைப்புப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், பீரோவில் வைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு பெரணியை அடையாளம் காணத் தேடியபோது அந்தப் படம் இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்து எண்ணினேன். இருக்க வேண்டியது 271, இருந்தது 260. போன பதினொன்றில் பெரும்பாலானவை மரப்பெரணிகள், அதாவது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் எடுப்பாக இருப்பவை. யாரோ எப்போதோ பிளேடு வைத்து உருவி எடுத்து விற்றிருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டேன். “படங்கள் முழுசாக இருக்கின்றன என்று நான் எங்கே எழுதினேன்?” என்றார். எழுதவில்லைதான்.

நாவலில் நடுவே நாலு பக்கம் இல்லாவிட்டால் படிக்கிறபோதே தட்டும். பழைய தாவரவியல் நூலில் தட்டாது. எழுத்துப் பகுதி ஒரு அச்சகத்தில் பாரம் பாரமாக ஓடியிருக்கும். படங்கள் வேறு இடத்தில், வேறு தாளில், ஒன்றொன்றாக அச்சாகிக் கடைசியில் பைண்டர் கையில்தான் ஒன்றுசேரும். படத்தாளுக்குப் பக்க எண் கிடையாது, தனி வரிசை எண்தான். ஆகவே படம் போனாலும் பக்க எண்கள் பிசகாமல் ஓடும். புத்தகம் முழுசு போலவே கையில் கனக்கும். இந்தத் துறையில் யாராவது ‘முதல் பதிப்பு’ என்று ஆரம்பித்தால், ‘எத்தனை படம், எது எது இல்லை?’ என்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

படத்துக்கு இவ்வளவு மரியாதை அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு செடிக்குப் பெயர் சூட்டினால் அந்தப் பெயரை ஏதாவது ஒரு சான்றில் கட்டிவைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் அது உலர்த்திய செடி. பழைய பெயர்கள் பலவற்றுக்கு உலர் செடி கிடைக்காமல், அச்சான படமே சான்றாக நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் சூட்டிய நம் ஊர்ச் செடிப் பெயர்கள் பலவற்றுக்கு, மலபார்ச் செடிகளைப் பற்றிய பழைய நூலான ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ படங்கள்தான் இன்றும் ஆதாரம். அந்தத் தாளைக் கிழித்தவன் ஒரு பெயரின் வேரையே உருவியிருக்கிறான்.

அடுத்து, முதல் பதிப்பு என்ற சொல்லே இங்கே கொஞ்சம் வழுக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் எழுதிய ‘ஃபுளோரா இண்டிகா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்த பிறகு மிஷனரி கேரியும் தாவரவியலாளர் வாலிச்சும் சேர்ந்து வங்காளத்துச் செராம்பூரில் 1820, 1824 ஆண்டுகளில் இரண்டு தொகுதி கொண்டுவந்தார்கள். வாலிச் தன் குறிப்புகளையும் நடுநடுவே சேர்த்தார். வேலை பாதியில் நின்றது. 1832இல்தான் ராக்ஸ்பர்க் எழுதியது மூன்று தொகுதியாக முழுசாக வந்தது. விலைப்பட்டியலில் முன்னது முதல் பதிப்பு. ஆனால் ராக்ஸ்பர்க் என்ன சொன்னார் என்று பார்க்க 1832தான் வேண்டும். என்னிடம் இரண்டும் நீட்டினால் 1832ஐத்தான் எடுப்பேன், மிச்சப் பணத்துக்கு வேறு வாங்குவேன்.

தலைப்புப் பக்க ஆண்டையும் அப்படியே நம்பக் கூடாது. அந்தக் காலத்துப் பெரிய நூல்கள் மாதப் பத்திரிகை மாதிரி பகுதி பகுதியாகச் சந்தாதாரர்களுக்குப் போயின. தொகுதி முடிந்த பிறகுதான் தலைப்புப் பக்கம் அச்சடித்துக் கொடுப்பார்கள். வைட்டின் முதல் தொகுதியில் 1840 என்று போட்டிருக்கும், அதன் பகுதிகள் 1838இலிருந்தே வெளிவந்தன. பெயரீட்டில் எது முந்தியது என்ற வழக்கு வந்தால் இந்த இரண்டு ஆண்டு வித்தியாசமே தீர்ப்பைப் புரட்டிவிடும். பகுதிகளின் மெல்லிய காகித மேலட்டையில்தான் நிஜத் தேதி இருந்தது. பைண்டர்கள் முதலில் கிழித்துப் போட்டதும் அதைத்தான். எங்காவது பழைய பகுதிகள் மேலட்டை கிழியாமல், கட்டாமல் கிடைத்தால் அழுக்கு, கிழிசல் என்று முகம் சுளிக்காதீர்கள். தயவுசெய்து பைண்டரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தத் தேதிக் குழப்பங்களைச் சரிபார்க்க ஸ்டாஃப்ளூவும் கோவனும் தொகுத்த ‘டாக்ஸனாமிக் லிட்டரேச்சர்’ இரண்டாம் பதிப்பு இருக்கிறது. 1976 முதல் 1988 வரை ஏழு தொகுதிகளாக வந்தது. எந்த நூல் எத்தனை பகுதியாக, எந்தத் தேதியில், எத்தனை படத்தோடு வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ தளத்தில் அசல் நூல்களின் பக்கம் பக்கமான படிமங்கள் இருக்கின்றன. வாங்கப்போகும் புத்தகத்தை ஒரு கையிலும் அந்தப் படிமத்தை மறு கையிலும் வைத்துத் தாளுக்குத் தாள் ஒப்பிடுவதுதான் நமக்கிருக்கும் ஒரே கவசம். என் காலத்தில் இது இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 271 வரை எண்ணுவதற்கு இணையம் தேவையில்லை.

சரி, எதைச் சேர்ப்பது?

ஐரோப்பிய மூலிகை நூல்களின் பக்கம் போக வேண்டாம். புரூன்ஃபெல்ஸ் 1530, ஃபூக்ஸ் 1542 எல்லாம் மரக்கட்டை அச்சின் உச்சம். ஃபூக்ஸ் தன் ஓவியர்கள், கட்டை செதுக்கியவர் மூவரின் உருவத்தையும் புத்தகத்திலேயே அச்சிட்டு மரியாதை செய்த மனிதர். ஆனால் அவை அரும்பொருள் நிலையத்துக்கும் பெரும் பணக்காரருக்கும் உரிய பந்தயம். டார்வின் அதைவிட மோசம். ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் 1,250 படிதான் அச்சானது, அதைத் துரத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் செடியும் தெரியாது, கொடியும் தெரியாது.

லின்னேயஸின் ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரும்’ 1753 வேறு வகை. இரண்டு தொகுதி, ஆயிரத்து இருநூறு பக்கம், படம் ஒன்றுகூடக் கிடையாது. தாவரப் பெயரீடு முழுக்க இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று உலகமே ஒப்புக்கொண்டிருப்பதால் விலை எட்டாது. ஆனால் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் 385ஆம் பக்கத்தைத் திருப்புங்கள், வேப்பமரம் இருக்கும். 305இல் நம் செங்காந்தள். இந்த நூலுக்கு 1957, 1959 ஆண்டுகளில் லண்டன் ரே சொசைட்டி போட்ட நகல் பதிப்பு, ஸ்டெர்னின் நீண்ட முன்னுரையோடு வந்தது. அதுவே நல்ல சொத்து, பழைய புத்தகமாக வாங்கக்கூடிய விலையிலும் வரும்.

லின்னேயஸின் நூலில் ஒன்றாவது வேண்டும் என்று ஆசை இருந்தால் அதிகம் பேர் கண் வைக்காத ஒன்றைச் சொல்கிறேன். 1771இல் வந்த ‘மாண்டிஸ்ஸா பிளாண்டாரும் அல்டெரா’. சின்னப் புத்தகம், படம் இல்லை, பார்த்தால் பஞ்சாங்கம் மாதிரி இருக்கும். கறிவேப்பிலை அறிவியல் பெயரோடு அச்சேறியது இதில்தான். பெயர் பெர்கெரா கோனிகி. அந்தக் கோனிக் யார் என்றால் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மருத்துவர், லின்னேயஸின் மாணவர். இங்கிருந்து செடிகளை அனுப்பிக்கொண்டே இருந்தவர். தினமும் தாளிப்பில் போடுகிற இலைக்குத் தரங்கம்பாடிக்காரர் ஒருவரின் பெயர் ஒட்டியிருப்பதைப் பார்க்க அந்தப் பழுப்புப் பக்கம் போதும். படமில்லாத நூல் என்பதால் கிழிப்பவர்கள் கண்ணில் படாமல் தப்பிய வகை இது.

‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த வான் ரீடு தொகுத்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பெருந்தொகுதிகள். 1691இல் சூரத்துக்குப் போகும் வழியில் கடலிலேயே அவர் இறந்துபோனார், கடைசித் தொகுதிகளை அவர் பார்க்கவில்லை. ஏறக்குறைய 790 செப்புத்தகட்டுப் படங்கள், பெரும்பாலானவை இரண்டு பக்க அகலம். படத்தின் மேலேயே செடியின் பெயர் மலையாளத்திலும் அரபியிலும் நாகரியிலும் செதுக்கப்பட்டிருக்கும். முதல் செடி எது தெரியுமா? தெங்கு! தென்னையை வேரிலிருந்து குரும்பை வரை பிரித்துப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். செடிகளைப் பற்றிச் சொன்னவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவரோடு ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அந்தணர்கள். முதல் தொகுதியில் இவர்கள் எழுதிக்கொடுத்த சான்றிதழ்களை அவரவர் எழுத்திலேயே தகட்டில் வெட்டி அச்சிட்டிருக்கிறார்கள். மலையாள எழுத்து அச்சில் முதலில் தோன்றியது இந்த நூலில்தான். இட்டி அச்சுதனின் சான்றிதழில் 1675 ஏப்ரல் 20 என்று தேதி இருக்கிறது.

முழுத் தொகுதி உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். தனித் தாள்கள் அவ்வப்போது விற்பனைக்கு வரும், அதையும் நான் வாங்குவதில்லை. ஒவ்வொரு தனித் தாளும் உடைக்கப்பட்ட ஒரு புத்தகத்தின் எலும்பு. நாம் வாங்க வாங்க அடுத்ததை உடைப்பார்கள். படிப்பதற்குக் கேரளத் தாவரவியலாளர் மணிலால் ஆயுளைக் கொடுத்துச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் பன்னிரண்டு தொகுதியாக வெளியிட்டது. அதை வாங்குங்கள்.

ராக்ஸ்பர்க்கின் ‘சோழமண்டலக் கரைத் தாவரங்கள்’ மூன்று தொகுதி, 1795 முதல் 1820 வரை லண்டனில் வந்தது. கையால் வண்ணம் தீட்டிய 300 படங்கள், ஒவ்வொன்றும் மேசையை அடைக்கும் அளவு. வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள், ஆனால் படத்தில் அவர்கள் பெயர் இருக்காது. இதுவும் நம் கைக்கு எட்டாததுதான். இருந்தாலும் வண்ணப் புத்தகம் எதை வாங்கினாலும் உதவும் ஒரு விஷயம் சொல்கிறேன். இலைக்குத் தீட்டிய பச்சையில் செம்பு கலந்திருந்தால் காலப்போக்கில் அது தாளைத் தின்னும். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், இலை வடிவத்திலேயே பழுப்பு நிழல் விழுந்திருக்கும். மோசமானால் இலை மட்டும் உதிர்ந்து தாளில் ஓட்டை நிற்கும். முன்பக்கம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு.

நான் சொல்லும் வழி சென்னையில் அச்சான நூல்கள். லண்டன், பாரிஸ் ஏலக்காரர்கள் வண்ணப் பூக்களின் பின்னால் ஓடுகிறார்கள், கல்லில் வரைந்து அச்சிடும் கறுப்பு வெள்ளைக் கல்லச்சை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. நமக்கு அதுவே வசதி. ஒயிட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளியிட்ட மருந்துப் பொருள் நூலிலிருந்து தொடங்கலாம், தமிழ்ப் பெயர்கள் கொட்டிக் கிடக்கும். அடுத்து வைட். அப்புறம் பெடோம், பெரணிகள் தவிர 1869 முதல் 1874 வரை வந்த அவருடைய தென்னிந்திய மரங்கள் நூலும். கடைசியில் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பு, 1915 முதல் 1936 வரை பதினொரு பகுதிகள். இது மட்டும் லண்டனில் அச்சானது. கேம்பிள் 1925இல் இறந்துவிட, ஃபிஷர் முடித்துக்கொடுத்தார். கேம்பிளை நீங்கள் மறுபதிப்பில் பயன்படுத்தியிருப்பீர்கள். அசல் பகுதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது ஒரு ஓய்வூதியக்காரர் தாராளமாகச் செய்யக்கூடிய காரியம். பொறுமைதான் வேண்டும், என் ஏழாம் பகுதிக்கு ஆறு வருஷம் ஆனது.

இந்த வரிசையில் நடுநாயகம் வைட்தான். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக 1819இல் வந்தவர், 1842க்குப் பிறகு கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைகளைப் பார்த்துக்கொண்டார். அந்த வேலைகளுக்கு நடுவே 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதி ‘ஐகோனெஸ் பிளாண்டாரும் இண்டியே ஓரியண்டாலிஸ்’, அதாவது கிழக்கிந்தியத் தாவரப் படங்கள். மொத்தம் 2,101 படங்கள், ஒன்று முதல் 2,101 வரை தொகுதி மாறினாலும் எண் அறுபடாமல் ஓடும். வண்ணம் கிடையாது. தேவையில்லாத ஆடம்பரமும் கிடையாது. செடி, பக்கத்தில் பூவைப் பிளந்து காட்டும் சிறு படங்கள், முடிந்தது. வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுவீர்களே, அந்தத் துப்புரவு.

படத்தின் அடியில் இடது மூலையைப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘ரங்கையா வரைந்தது’ என்றோ ‘கோவிந்து வரைந்தது’ என்றோ லத்தீன் சுருக்கத்தோடு இருக்கும். வலது மூலையில் பல படங்களில் கல்லில் ஏற்றிய டம்ஃபியின் பெயர். ராக்ஸ்பர்க்கின் ஓவியர்கள் பெயரில்லாமல் போனார்கள், வைட்டின் ஓவியர்கள் பெயரோடு இருக்கிறார்கள். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்தார் வைட். இன்று அது டிரோப்பிடியா என்ற பேரினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது, அதனால் என்ன? ஆறாம் தொகுதியில் அச்சில் நிற்கிறது. பிற்காலத்தில் பெடோமுக்கும் கோவிந்து வரைந்தார். தாவரவியல் வரலாற்றாளர் ஹென்றி நோல்ட்டி இந்த இரு ஓவியர்களைப் பற்றி எடின்பரோ தாவரவியல் தோட்டம் வழியாக 2007இல் வெளியிட்ட நூல்களைத் தேடிப் படியுங்கள். அதன் பிறகு அந்த இடது மூலையைப் பார்க்காமல் ஒரு படத்தையும் தாண்ட மாட்டீர்கள்.

அந்த மூலைதான் பைண்டரின் கத்திக்கு முதல் பலி. ஒவ்வொரு முறை மறுகட்டு போடும்போதும் ஓரத்தைச் சமன் செய்கிறேன் என்று ஒரு நூல் அளவு வெட்டுவார்கள். மூன்று முறை கட்டிய புத்தகத்தில் பெயர் பாதியாகிவிடும். என் நான்காம் தொகுதியில் ஒரு படத்தில் ரங்கையாவின் பெயரில் மேல் பாதி மட்டும் இருக்கிறது, எழுத்துகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி. எண்ணிக்கையில் குறை இல்லை, ஆனால் வாங்கும்போது இதைச் சொல்லி விலையைக் குறைத்தேன்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவற்றில் எனக்கு முக்கியமாகப்படுபவை சில. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். செப்புத்தகட்டு அச்சில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய நீள்சதுரத் தடம் இருக்கும், விரல் வைத்தால் தெரியும். கல்லச்சில் அது இருக்காது. ஒரு நண்பர் வைட்டின் அசல் தொகுதியை ‘தகட்டுத் தடம் இல்லை, போலி’ என்று வேண்டாமென்று வந்துவிட்டார். எனக்கு விஷயம் தெரிந்து நான் போவதற்குள் வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். லென்ஸில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட். வெறும் கோட்டுப் படமாக இருந்தால் நகலிலும் புள்ளி தெரியாது, அப்போது தாளைத்தான் கேட்க வேண்டும். தாளை விளக்குக்கு எதிரே பிடித்தால் பழைய கைத்தாளில் நீர்க்குறி தெரியும், சில ஆங்கிலத் தாள்களில் ஆண்டே இருக்கும். தலைப்புப் பக்கத்தில் 1795 என்றும் படத்தாளின் நீர்க்குறியில் அதற்குப் பிந்திய ஆண்டும் இருந்தால் அந்தப் படம் பின்னால் ஓட்டியது.

படங்கள் எல்லாம் இருந்தும் நாலைந்து தாள் மட்டும் அளவிலோ நிறத்திலோ ஒட்டாமல் நின்றால், வேறொரு பிரதியிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறார்கள். அது பாவமில்லை, சொல்லாமல் விற்பதுதான் பாவம். பூச்சித் துளை பக்கத்துக்குப் பக்கம் தொடர்ந்து வர வேண்டும். நடுவே ஒரு தாளில் மட்டும் துளை இல்லை என்றால் அந்தத் தாள் விருந்தாளி.

எங்கே வாங்குவது? மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததோடு ஒரு காலம் போய்விட்டது, அதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம். இன்று பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனையாளர்களும் ஏலங்களும்தான். ஏலப் பட்டியலில் ‘பார்த்தபடி’, ‘ஒப்பிட்டுப் பார்க்கவில்லை’ என்ற வார்த்தைகள் இருந்தால் எண்ணும் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று பொருள். எழுதிக் கேளுங்கள், ஒழுங்கான ஆள் எண்ணிச் சொல்வார். உள்ளூரில் பழைய வனத்துறை அதிகாரிகள், தோட்டத் துரைமார்கள், மிஷன் பள்ளி ஆசிரியர்கள் வீடுகளிலிருந்து அவ்வப்போது ஏதாவது எடைக்கு வரும். நீலகிரியில் பழைய காகிதம் எடுப்பவர் ஒருவரிடம் என் தொலைபேசி எண் பதினைந்து வருஷமாக இருக்கிறது. இதுவரை மூன்று முறை கூப்பிட்டார், இரண்டு முறை பழைய டெலிபோன் டைரக்டரி.

நூலக முத்திரை இருக்கும் புத்தகத்தைத் தொடும்முன் ‘கழிக்கப்பட்டது’ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். முத்திரையைச் சுரண்டிய தடம் தெரிந்தால் பேச்சே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு வெளிநாட்டில் விற்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது, கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டே போதும். பழுதுபார்க்க அனுப்புவதானாலும் முதலில் தொல்லியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் நம் எதிரிகள் மூவர்: ஈரம், கரையான், இராமபாணப் பூச்சி. நான்காவது எதிரியாக அன்பைச் சொல்வேன். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டுவது, கிழிசலுக்கு செல்லோ டேப், லேமினேஷன் எல்லாம் அன்பினால் செய்யும் கொலை. நம் பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சி வராதுதான், தாளும் நாளாவட்டத்தில் நொறுங்கும். முன்பே சொல்லி நிறுத்துங்கள். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டையைப் பொடித்துக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து அலமாரியில் வைக்கும் வழக்கம் உண்டு. நானும் அதைத்தான் செய்கிறேன், புத்தகத்தில் படாமல் மூலையில். சுவரோடு ஒட்டாமல் அலமாரி நிற்க வேண்டும், காற்று ஓட வேண்டும். பெரிய அளவுப் புத்தகங்களைப் படுக்கவைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை எடுத்துப் புரட்டுங்கள், புரட்டும் கைக்குப் பூச்சி பயப்படும்.

இனி உங்கள் பரண் தொகுதி. ‘ஐகோனெஸ்’ இரண்டாம் தொகுதி என்றால் படம் 319இல் தொடங்கி 736இல் முடிய வேண்டும், மொத்தம் 418. இரண்டு நுனியும் சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாமல் நடுவில் எண்ணுங்கள். பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டே போங்கள், ஒரு மத்தியான வேலை. தலைப்புப் பக்கத்தில் 1843 என்று இருக்கிறதா, எழுத்துப் பகுதி முழுசாக இருக்கிறதா என்று இணையப் படிமத்தோடு ஒப்பிடுங்கள். தாள் வழவழப்பாக, ஒரே சீராக, பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் இருந்தால் அது இருபதாம் நூற்றாண்டு நகல் பதிப்பாகவும் இருக்கலாம். சென்னையில் அச்சான அசலில் பழுப்புப் புள்ளி இல்லாத பிரதியை நான் இன்னும் பார்க்கவில்லை. முதுகுத் தோல் பெயர்ந்திருந்தால் ஒட்ட வேண்டாம். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அமிலமில்லா அட்டைப் பெட்டி ஒன்று செய்து வைத்தால் போதும்.

முன்னட்டையின் உள்பக்கம் தாத்தா பெயரோ, அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் பெயரோ, ஏதாவது கல்லூரியின் பரிசுச் சீட்டோ இருந்தால் அழிக்காதீர்கள். ஓரங்களில் யாராவது தமிழ்ப் பெயர்களைப் பென்சிலில் எழுதியிருந்தால் அதை ‘அழுக்கு’ என்று ரப்பர் போடாதீர்கள். அப்படி எழுதியிருக்கிறதா, எந்தெந்தப் படத்தில் என்று பார்த்து எழுதுங்கள். ரங்கையா, கோவிந்து பெயர்கள் எத்தனை படத்தில் முழுசாகத் தப்பியிருக்கின்றன என்பதையும் எண்ணும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.